டி4-ல மாட்டிக்கிட்டு அழுத பிள்ளைக்கு ஒரு பதில்

குமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை ஊர்ல இருந்து ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒண்ணு எழுதியிருக்கு. தமிழ் மீடியம், அரையாண்டுல வேதியியல்ல 70க்கு 38. கடிதம் நீளம், முக்கியமான பகுதிய மட்டும் போடுறேன்.

“மிஸ், இடைநிலைத் தனிமங்கள் பாடத்த நாலு தடவை படிச்சிட்டேன். உருகுநிலை, அணு ஆரம், ஆக்சிஜனேற்ற நிலை, காந்தப்பண்பு, நிறம், வினைவேக மாற்றின்னு தலைப்பு வாரியா பாக்காம சொல்லுவேன். ஆனா ‘ஏன்’ன்னு கேட்டா கை ஓட மாட்டேங்குது. குரோமியம் பிளஸ் 2 ஒடுக்கும் காரணி, மாங்கனீசு பிளஸ் 3 ஆக்சிஜனேற்றி, ரெண்டும் டி4 தான, ஏன் இப்படின்னு கேட்டிருந்தாங்க, ரெண்டும் டி4ன்னு மட்டும் எழுதிட்டு உக்காந்திருந்தேன், வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். அண்ணன் இந்தப் பாடத்தையே விட்டுடு, வேற பாடத்துல மார்க் எடுத்துக்கலாம்ங்கிறான். பொதுத்தேர்வுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. விட்டுடலாமா மிஸ்? கலர் எல்லாம் மனப்பாடம் பண்ணனுமா?”

விட வேண்டாம்மா. காரணத்த பின்னாடி சொல்றேன், முதல்ல அந்த டி4 கேள்விய எடுத்துக்குவோம், ஏன்னா உன் கஷ்டம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்ளதான் இருக்குன்னு எனக்கு தோணுது.

குரோமியம் அணு எண் 24, அணுவா இருக்கப்போ 3டி5 4எஸ்1, அதாவது 3டி ஆர்பிட்டால்ல அஞ்சு எலக்ட்ரான், 4எஸ்ல ஒண்ணு. பிளஸ் 2 ஆகணும்னா 4எஸ்ல உள்ள ஒண்ணு போகும், அப்புறம் டி-ல ஒண்ணு போகும், மிச்சம் 3டி4. மாங்கனீசு 25, 3டி5 4எஸ்2, பிளஸ் 3 ஆகுறப்போ 4எஸ் ரெண்டும் போயி டி-லயும் ஒண்ணு போயி அதுவும் 3டி4. இதுவரைக்கும் நீ ஹால்ல சரியாதான் வந்திருக்க, நின்ன இடம் இதுக்கு அடுத்த படி. அயனி இப்ப எங்க இருக்குன்னு பாத்த, அது அடுத்து எங்க போகப் பாக்குதுன்னு பாக்கல. ஆக்சிஜனேற்றி, ஒடுக்கும் காரணின்னு கேள்வியில ஒரு வார்த்தை வந்தாலே போற இடத்த பத்திதான் கேக்குறாங்கன்னு அர்த்தம்.

டி4-க்கு இந்தப் பக்கம் டி3, அந்தப் பக்கம் டி5. மாங்கனீசு பிளஸ் 3 ஒரு எலக்ட்ரானை வாங்குனா மாங்கனீசு பிளஸ் 2, அதாவது 3டி5, அஞ்சு டி கட்டத்துலயும் ஒவ்வொண்ணு, சரிபாதி நிரம்பி நிம்மதியா இருக்கிற நிலை. அதனால அது பக்கத்துல யாரு இருந்தாலும் அவங்க எலக்ட்ரானை இழுக்கப் பாக்கும், இழுக்கிறவங்க பேருதான் ஆக்சிஜனேற்றி, குடுக்கிறவங்க பேரு ஒடுக்கும் காரணி. குரோமியம் பிளஸ் 2 என்ன பண்ணுதுன்னா ஒண்ண குடுத்துட்டு குரோமியம் பிளஸ் 3 ஆகுது, அது 3டி3. டி3-ல என்ன விசேஷம்னு கேப்ப, தண்ணிக்குள்ள இருக்கிற அயனிய சுத்தி ஆறு நீர் மூலக்கூறு உக்காந்திருக்கும், அப்ப அஞ்சு டி ஆர்பிட்டாலும் ஒரே மட்டத்துல நிக்காது, மூணு கீழயும் ரெண்டு மேலயும்னு பிரிஞ்சிரும் (இத அடுத்த பாடமான அணைவு வேதியியல்ல விரிவா படிச்சிருப்ப), கீழ உள்ள மூணுலயும் ஒவ்வொண்ணு இருந்தா அதுவும் ஒரு சரிபாதிதான். திட்ட மின்முனை மின்னழுத்த மதிப்பும் (நேர்க்குறியில கூடக்கூட எலக்ட்ரானை வாங்குற ஆசை கூட) இதையேதான் சொல்லுது, குரோமியம் 3-லிருந்து 2-க்கு −0.41 வோல்ட், மாங்கனீசு 3-லிருந்து 2-க்கு +1.5 வோல்ட்டுக்கு மேல. ஒண்ணு போக மாட்டேங்குது, இன்னொண்ணு ஓடி வருது.

இப்ப பேப்பர எடுத்து இத மூணு வரியில எழுது. ரெண்டும் டி4, முதலாவது டி3 ஆகுது, ரெண்டாவது டி5 ஆகுது, காரணத்தோட. அவ்ளோதான் அந்த பதில். நீ அழுத அன்னைக்கு உனக்கு இல்லாமப் போனது ஒரே ஒரு வரி.

நான் இத இவ்ளோ நீட்டி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நீ தலைப்பு தலைப்பா படிச்சிருக்க, புத்தகம் அப்படித்தான் போட்டிருக்கு, அது தப்பில்ல, ஆனா கேள்வி அந்த மாதிரி வராது. கேள்வி எப்பவும் ஒரு அயனிய கையில குடுத்து ஏன் இப்படின்னு கேக்கும். அதனால நீ இனிமே திருப்புதல் பண்றப்போ தலைப்பிலிருந்து ஆரம்பிக்காத, கட்டத்திலிருந்து ஆரம்பி, அதாவது ஆர்பிட்டாலுக்கு ஒரு கட்டம் போட்டு எலக்ட்ரானை வெச்சுப் பாக்குறது. எலக்ட்ரான் இப்ப எங்க இருக்கு, எங்க போகப் பாக்குது, இந்த ரெண்டையும் கேட்டா இந்தப் பாடத்துல வர்ற ஏன்-ல முக்காவாசி அங்கயே திறந்துக்கும். திறக்காத ஒண்ணு ரெண்டு இடமும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்றேன்.

காலையில எழுந்ததும் ஒரு வெள்ளைத்தாள எடு. ஸ்காண்டியம் 21-லிருந்து துத்தநாகம் 30 வரைக்கும் பத்து தனிமம், பாக்காம வரிசையா எழுது, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 3டி எத்தன 4எஸ் எத்தன, அதுக்குப் பக்கத்துல பிளஸ் 2 அயனிக்கு டி எத்தன, ஜோடி இல்லாம தனியா நிக்கிற எலக்ட்ரான் எத்தன. முதல் நாள் இருபது நிமிஷம் ஆகும், ஒரு வாரத்துல ஏழெட்டு நிமிஷத்துல முடிச்சிருவ. குரோமியமும் தாமிரமும் மட்டும்தான் 4எஸ்ல ஒண்ணோட நிக்கும், மத்த எட்டும் ரெண்டு. இந்தத் தாள் உனக்கு அஞ்சு வாரமும் தினமும் வேணும், நேத்து எழுதினத பாத்து காப்பி பண்ணாத, ஒவ்வொரு நாளும் புதுசா எழுது, தப்பு வர்ற இடம்தான் அன்னைக்கு நீ படிக்க வேண்டிய இடம்.

இதுல ஒரு தப்பு இருக்கு, வருஷா வருஷம் பாக்குறேன், நல்லா படிக்கிற பிள்ளைங்களே பண்ணுதுங்க. அயனி ஆகுறப்போ 4எஸ் முதல்ல போகும், நிரப்புறப்போ 4எஸ் முதல்ல நிரம்பும், அதனால குழப்பம் வரும், பிள்ளைங்க டி-லிருந்து எடுத்துருவாங்க. இரும்பு பிளஸ் 2-வ வெச்சு பயிற்சி பண்ணினா இந்த தப்பு வெளியவே தெரியாதும்மா. சரியா பண்ணினா 3டி6, தனித்த எலக்ட்ரான் நாலு. தப்பா பண்ணினா 3டி4 4எஸ்2, அதுலயும் தனித்த எலக்ட்ரான் நாலு. காந்தத் திருப்புத்திறன் கணக்கு போட்டா விடை ரெண்டுக்கும் 4.90 போர் மாக்னட்டான் (அதோட அலகு), நீ சரின்னு டிக் போட்டுட்டு போயிருவ. அதே தப்ப கோபால்ட் பிளஸ் 2-ல பண்ணினா அஞ்சுன்னு வரும், உண்மையில 3டி7, மூணு. நிக்கல்ல நாலுன்னு வரும், உண்மையில ரெண்டு. அதனால உன்ன நீயே சோதிக்கிறப்போ இரும்ப எடுக்காத, கோபால்ட்ட எடு.

காந்தத் திருப்புத்திறன் கணக்கு இந்தப் பாடத்துலயே சுலபமான மார்க். தனித்த எலக்ட்ரான் எத்தனன்னு எண்ணிட்டா அந்த எண்ணை அதவிட ரெண்டு கூடுன எண்ணால பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். ஒண்ணுக்கு 1.73, ரெண்டுக்கு 2.83, மூணுக்கு 3.87, நாலுக்கு 4.90, அஞ்சுக்கு 5.92. பாரு, புள்ளிக்கு முன்னாடி வர்ற எண்தான் எலக்ட்ரான் எண்ணிக்கை, அதனால பலவுள் தெரிவுல 3.87ன்னு குடுத்து அயனி எதுன்னு கேட்டா கணக்கே போட வேண்டாம், மூணு தனித்த எலக்ட்ரான் உள்ளத தேடு. அலக மறந்துறாத, வர்க்கமூலம் எல்லாம் சரியா போட்டுட்டு அலகு போடாம விடுறவங்க நிறைய.

ஆக்சிஜனேற்ற நிலைக்கு வருவோம். ஸ்காண்டியம் அதிகபட்சம் 3, டைட்டானியம் 4, வனேடியம் 5, குரோமியம் 6, மாங்கனீசு 7, அப்புறம் இறங்க ஆரம்பிச்சிரும், துத்தநாகத்துக்கு வந்தா 2 தான். ஓட்டுக்கூரை மாதிரி ஒரு பக்கம் ஏறி உச்சியில மாங்கனீசு, மறுபக்கம் இறக்கம். உன் காலைத் தாள பாத்தாலே காரணம் தெரியும், 4எஸ்ல உள்ளதையும் டி-ல தனியா நிக்கிறதையும் கூட்டு, மாங்கனீசுக்கு ரெண்டும் அஞ்சும் ஏழு. அதுக்கப்புறம் டி-ல ஜோடி சேர ஆரம்பிச்சிருது, அணுக்கரு இழுப்பும் கூடிட்டே போகுது, எலக்ட்ரானை வெளிய எடுக்கறது கஷ்டம். 3டியும் 4எஸ்ஸும் ஆற்றல்ல ரொம்ப பக்கத்துல இருக்கறதுனாலதான் ரெண்டுல இருந்தும் எடுக்க முடியுதுங்கிற வரிய பதில்ல கட்டாயம் எழுது, மாறுபடும் ஆக்சிஜனேற்ற நிலைக்கு உயிர் வரி அதுதான். கீழ் வரிசையில ருத்தீனியமும் ஆஸ்மியமும் 8 வரைக்கும் போகும், அதையும் ஒரு ஓரத்துல எழுதி வெச்சுக்கோ, ஒரு மார்க்குக்கு உதவும்.

இரும்பு பிளஸ் 2 ஏன் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகுது, மாங்கனீசு பிளஸ் 2 ஏன் ஆக மாட்டேங்குதுன்னு கேப்பாங்க. இரும்பு டி6-ல நிக்குது, ஒண்ண விட்டா டி5. மாங்கனீசு ஏற்கனவே டி5, அதுலிருந்து ஒண்ண எடுக்கணும்னா சண்டை போடணும், மூணாவது அயனியாக்கும் ஆற்றல் மாங்கனீசுக்கு 3250 கிலோஜூல் கிட்ட, இரும்புக்கு 2957. லேப்ல பெர்ரஸ் சல்பேட் கரைசல் ரெண்டு நாள் ஆனா இளம்பச்சை போயி மஞ்சளா ஆகுறத பாத்திருப்ப, நம்ம ஊர்ல அன்னபேதின்னு சொல்ற உப்புதான் அது, டி6-லிருந்து டி5-க்கு போற பயணத்த கண்ணால பாக்குற மாதிரி.

இப்ப தாமிரம். இங்கதான் கட்டம் மட்டும் போதாதுன்னு சொல்லணும். தாமிரம் பிளஸ் 1 முழுசா நிரம்பின 3டி10, பிளஸ் 2 வெறும் 3டி9. கட்டத்த மட்டும் நம்பினா பிளஸ் 1 தான் நிலைப்புத்தன்மை உள்ளதுன்னு எழுதிருவ, ஆனா தண்ணிக்குள்ள தாமிரம் பிளஸ் 1 நிக்காது, ரெண்டு அயனி சேந்து ஒண்ணு தாமிர உலோகமாவும் இன்னொண்ணு பிளஸ் 2 ஆவும் பிரிஞ்சிரும். என்ன நடக்குதுன்னா பிளஸ் 2 சின்னது, மின்சுமை கூட, தண்ணி மூலக்கூறுங்க அத இறுக்கி கட்டிப்பிடிக்கும், அப்ப வெளியாகுற நீரேற்ற ஆற்றல் ரெண்டாவது எலக்ட்ரானை எடுக்க ஆன செலவ ஈடு கட்டிரும். இது மாதிரி வரவு செலவு பாக்குற கேள்வி இன்னொண்ணும் தாமிரத்துல இருக்கு, 3டி வரிசையில தாமிரத்துக்கு மட்டும் ஏன் மின்முனை மின்னழுத்தம் நேர்க்குறி, +0.34ன்னு. இங்க உலோகத்த தனித்தனி அணுவாக்கி ரெண்டு எலக்ட்ரானை எடுக்கிற மொத்த செலவு ரொம்ப கூட, நீரேற்ற ஆற்றல் முழுசா ஈடு கட்டல. அதனாலதான் தாமிரத் துண்ட நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா ஹைட்ரஜன் வராது, துத்தநாகத்த போட்டா நுரைச்சுக்கிட்டு வரும். தாமிரம் பத்தி எந்தக் கேள்வி வந்தாலும் கட்டத்த எழுது, ஆனா கட்டத்தோட நிறுத்தாத, நீரேற்ற ஆற்றல்னு ஒரு வார்த்தைய சேரு.

உருகுநிலை. தனித்த டி எலக்ட்ரான் அதிகமானா உலோகப் பிணைப்பு வலுவா இருக்கும், உருகுநிலை ஏறும், நடுவுல உச்சம், கடைசியில டி10 ஆனதும் விழுந்துரும். குரோமியம் 1907 டிகிரி செல்சியஸ், துத்தநாகம் 420 கூட இல்ல. ஆனா நடுவுல மாங்கனீசு மட்டும் 1246-க்கு சட்டுனு இறங்கி அடுத்து இரும்பு 1538-க்கு ஏறுது. மாங்கனீசுக்கு 3டி5 4எஸ்2, அந்த டி எலக்ட்ரானுங்க அணுக்கருவோட இறுக்கமா இருக்கு, பக்கத்து அணுவோட பிணைப்புக்கு அவ்வளவா வர மாட்டேங்குது. மதிப்பு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், வரைபடத்தோட வடிவம் ஞாபகம் இருந்தா போதும், எங்க உடையுதுன்னு தெரிஞ்சா போதும். கேள்வி எப்பவும் உடையிற இடத்துலதான் வரும், வழுவழுன்னு போற இடத்துல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

அணு ஆரத்துல உடையிற இடம் லாந்தனாய்டு குறுக்கம். தொகுதியில கீழ போனா ஆரம் கூடணும், டைட்டானியம் 147 பிக்கோமீட்டர், சிர்க்கோனியம் 160, அதுக்கும் கீழ ஹாஃப்னியம் இன்னும் பெருசா இருக்கணும், ஆனா 159. நடுவுல பதினாலு 4எஃப் எலக்ட்ரான் வந்து உக்காருது, எஃப் எலக்ட்ரான் அணுக்கருவோட இழுப்ப மறைக்கிறதுல ரொம்ப மோசம், அணுக்கரு வெளி எலக்ட்ரானை உள்ள இழுத்துருது, கூட வேண்டிய அளவு கூடாமப் போயிருது. இதனால சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் குணத்துலயும் அளவுலயும் ரெட்டப்பிள்ளை மாதிரி, ஒரே தாதுல சேந்தே கிடக்கும், பிரிக்கறது பெரும்பாடு. சிர்க்கோனியத்த 1789-லயே கண்டுபிடிச்சிட்டாங்க, அதுக்குள்ளயே ஒளிஞ்சிருந்த ஹாஃப்னியம் 1923-ல கோபன்ஹேகன்ல காஸ்டர், ஹெவெசின்னு ரெண்டு விஞ்ஞானிங்க எக்ஸ் கதிர் வெச்சு பாத்தப்போதான் பிடிபட்டுச்சு, கோபன்ஹேகனோட லத்தீன் பேரு ஹாஃப்னியா, அந்தப் பேர வெச்சாங்க.

நீ குமரிப் பிள்ளைங்கிறதுனால இத சொல்லணும்னு ஆசையா இருக்கு. மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணல் கறுப்பா இருக்குறத பாத்திருப்ப. அதுல இல்மனைட் இருக்கு, இரும்பும் டைட்டானியமும் சேந்த ஆக்சைடு. சிர்க்கான் இருக்கு, அதுக்குள்ள மேல சொன்ன ஹாஃப்னியம் கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும். மோனசைட் இருக்கு, சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அதுக்குள்ள பாஸ்பேட்டா கிடக்கு, தோரியமும் இருக்கு. உன் பாடத்துல உள்ள 3டி வரிசை, 4டி வரிசை, லாந்தனாய்டு, ஆக்டினாய்டு நாலும் ஒரு கைப்பிடி மணல்ல இருக்கும்மா, இந்தப் பாடத்த உன் ஊர்க்காரப் பிள்ளை விடலாமா. அந்த கறுப்பு இல்மனைட்டுல இருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுத்தா பளிச்சுனு வெள்ளை, செவுத்துக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்ட்டுல இருக்கிறது அதுதான். ஏன் வெள்ளைன்னு உன் கட்டத்த கேளு, டைட்டானியம் பிளஸ் 4, 3டி0, தாவறதுக்கு எலக்ட்ரானே இல்ல.

அப்படியே நிறத்துக்கு வந்துட்டோம், நீ கடைசியா கேட்டதும் இதுதான். டி ஆர்பிட்டால்கள் மூணு ரெண்டா பிரியும்னு சொன்னேன்ல, கீழ உள்ள எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியிற ஒளியில ஒரு பகுதிய உறிஞ்சிட்டு மேல தாவும், உறிஞ்சினது போக மிச்சம்தான் நமக்குத் தெரியிற நிறம். டைட்டானியம் பிளஸ் 3-ல ஒரே ஒரு டி எலக்ட்ரான், அது 500 நானோமீட்டர் கிட்ட பச்சை ஒளிய உறிஞ்சும், கரைசல் ஊதாவா தெரியும். டி0, டி10 ரெண்டுலயும் இந்த தாவல் நடக்காது, ஒண்ணுல ஆள் இல்ல, இன்னொண்ணுல இடம் இல்ல, அதனால ஸ்காண்டியம் பிளஸ் 3, டைட்டானியம் பிளஸ் 4, தாமிரம் பிளஸ் 1, துத்தநாகம் பிளஸ் 2 நாலும் நிறமற்றவை. அம்மைக்கும் அரிப்புக்கும் பூசுற காலமைன் லோஷன்ல பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு, அது வெள்ளை, ரோஸ் கலர் குடுக்கிறது கூட சேத்த கொஞ்சூண்டு இரும்பு ஆக்சைடு. மயில்துத்தத்த (தாமிர சல்பேட்) சோதனைக்குழாய்ல சூடு பண்ணினா நீலம் போயி வெள்ளையாகுறத பாத்திருக்கியா, அப்பவும் தாமிரம் பிளஸ் 2 டி9 தான், ஆனா சுத்தி உக்காந்திருந்த தண்ணி போயிருச்சு, பிரிவு மாறிருச்சு, உறிஞ்சுற ஒளி கண்ணுக்குத் தெரியாத பக்கம் நகந்துருச்சு. ஒரு சொட்டு தண்ணி விட்டா திரும்ப நீலம்.

இங்கயும் ஒரு பொறி. பொட்டாசியம் பெர்மாங்கனேட்ல மாங்கனீசு பிளஸ் 7, அதாவது டி0. நான் சொன்ன விதிப்படி நிறமே இருக்கக்கூடாது, ஆனா அவ்ளோ அடர்த்தியான ஊதா. டைக்குரோமேட்டும் அப்படித்தான், குரோமியம் பிளஸ் 6, டி0, ஆனா ஆரஞ்சு. இது டி-டி தாவல் கிடையாது, ஆக்சிஜன்கிட்ட இருக்கிற எலக்ட்ரான் ஒளிய வாங்கிட்டு உலோகத்துக்குத் தாவுது, மின்சுமை பரிமாற்றம்னு பேரு. கட்டத்த எழுதினதும் டி0ன்னு வந்தும் நிறம் இருந்துச்சுன்னா உடனே இத நினைச்சுக்கோ.

துத்தநாகம் இடைநிலைத் தனிமமா, ஸ்காண்டியம் இடைநிலைத் தனிமமா, ரெண்டும் டி தொகுதிதானன்னு ஒரு ரெண்டு மார்க் அடிக்கடி வரும். அணுவுலயோ அது குடுக்கிற அயனியிலயோ டி முழுசா நிரம்பாம இருக்கணும், அதுதான் வரையறை. ஸ்காண்டியம் அயனி டி0 ஆனாலும் அணு டி1, அதனால தேறிருச்சு. துத்தநாகம், காட்மியம், பாதரசம் அணுவுலயும் டி10, பிளஸ் 2-லயும் டி10, வரையறைக்குள்ள வராது. முடிஞ்சது.

வினைவேக மாற்றிக்கு உதாரணம் எழுதி மட்டும் விட்டுறாத. அம்மோனியா தயாரிக்கிற ஹேபர் முறைக்கு இரும்பு, வனஸ்பதிக்கு நிக்கல், கந்தக அமிலம் தயாரிக்கிற தொடு முறைக்கு வனேடியம் பென்டாக்சைடு எல்லாம் சரி, ஏன் இவங்களால முடியுதுன்னு எழுது. வனேடியம் பிளஸ் 5 சல்பர் டை ஆக்சைடுக்கு ஆக்சிஜன குடுத்துட்டு பிளஸ் 4 ஆகுது, காத்துல உள்ள ஆக்சிஜன வாங்கி திரும்ப பிளஸ் 5 ஆகுது, போயிட்டு வீடு திரும்புற மாதிரி. மாறுபடும் ஆக்சிஜனேற்ற நிலையோட நேரடி பலன் இது, ரெண்டு தலைப்பும் ஒண்ணுதான்னு அப்ப புரியும். உலோகக் கலவைக்கு ஹியூம் ரோதரி விதி, அணு ஆர வித்தியாசம் 15 சதவீதத்துக்குள்ள இருந்தா ஒண்ணுக்கு பதில் ஒண்ணு உக்காரலாம். வீட்டு எவர்சில்வர் தட்டுல இரும்பு, குரோமியம், நிக்கல், மூணும் உன் காலைத் தாள்ல ஒரே வரிசையில இருக்கிறவங்க, அளவுல கிட்டத்தட்ட ஒண்ணு. இடைச்செருகல் சேர்மம்னா அணுக்களுக்கு நடுவுல உள்ள சந்துல ஹைட்ரஜன், போரான், கார்பன், நைட்ரஜன் மாதிரி சின்ன ஆளுங்க நுழைஞ்சிக்கிறது, உலோகம் கடினமாகும், உருகுநிலை கூடும். இத இதுக்கு மேல தோண்ட வேண்டாம்.

பெர்மாங்கனேட், டைக்குரோமேட் தயாரிப்ப அஞ்சு மார்க்குக்கு எல்லாரும் பயப்படுறாங்க. நிறத்த பிடிச்சுக்கிட்டு போ. கறுப்பு பைரோலுசைட்ட (மாங்கனீசு டை ஆக்சைடு தாது) பொட்டாசியம் ஹைட்ராக்சைடோட காத்துல உருக்கினா பச்சை மாங்கனேட், பிளஸ் 6, அத இன்னொரு தடவை ஆக்சிஜனேற்றம் பண்ணினா ஊதா பெர்மாங்கனேட், பிளஸ் 7. குரோமைட் தாதுவ சோடியம் கார்பனேட்டோட வறுத்தா மஞ்சள் குரோமேட், கந்தக அமிலம் சேத்தா ஆரஞ்சு டைக்குரோமேட், கடைசியில பொட்டாசியம் குளோரைடு சேத்து பொட்டாசியம் உப்பா மாத்துறது. மஞ்சள்லயும் ஆரஞ்சுலயும் குரோமியம் பிளஸ் 6 தான், அங்க ஆக்சிஜனேற்றம் நடக்கல, ஹைட்ரஜன் அயனி கூடினதால நடந்த மாற்றம், இத குழப்பிக்காத.

சமன்பாடுகள தனித்தனியா பத்து பன்னெண்டு மனப்பாடம் பண்ணிட்டு இருப்பன்னு நினைக்கிறேன். ரெண்டு அரைவினை மட்டும் கையில வெச்சுக்கோ. பெர்மாங்கனேட் எட்டு ஹைட்ரஜன் அயனியும் அஞ்சு எலக்ட்ரானும் வாங்கி மாங்கனீசு பிளஸ் 2 ஆகும், நாலு தண்ணி. டைக்குரோமேட் பதினாலு ஹைட்ரஜன் அயனியும் ஆறு எலக்ட்ரானும் வாங்கி ரெண்டு குரோமியம் பிளஸ் 3 ஆகும், ஏழு தண்ணி. எதிர்பக்கம் இரும்பு ஒண்ணு குடுக்கும், ஆக்சலேட் ரெண்டு குடுக்கும், அயோடைடு ஒண்ணு குடுக்கும். எலக்ட்ரானை சமப்படுத்தி கூட்டினா எல்லாச் சமன்பாடும் நீயே கட்டலாம். சமான நிறையும் இதிலயே வந்துரும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோட மூலக்கூறு நிறை 158-ஐ 5-ஆல வகுத்தா 31.6, பொட்டாசியம் டைக்குரோமேட்டோட 294-ஐ 6-ஆல வகுத்தா 49.

இப்ப உன் அண்ணன் சொன்னதுக்கு வர்றேன். அவர் உன் நல்லதுக்குதான் சொல்றாரு, ஆனா இந்தப் பாடம் தனியா நிக்கிற பாடம் இல்ல. அடுத்த பாடம் அணைவு வேதியியல் முழுக்க இதே கட்டத்து மேலதான் நிக்குது, இத விட்டா அதுவும் ஆடும். ப்ராக்டிகல்ல பெர்மாங்கனேட் வெச்சு பண்ற டைட்ரேஷனும் இருக்கு, அதுல ஏன் தனி நிறங்காட்டி வேண்டாம், ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேக்கக்கூடாதுன்னு (குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிரும், அளவு தப்பாயிரும்) வாய்மொழியில கேட்டா பதில் இங்கதான் இருக்கு. ரெண்டு மார்க்லயும் மூணு மார்க்லயும் கட்டாய வினான்னு ஒண்ணு ஒண்ணு வேற இருக்கு, அது எந்தப் பாடத்துல இருந்து வரும்னு யாரு சொல்ல முடியும்.

விட வேண்டியது இருக்குன்னா உள்இடைநிலைத் தனிமங்கள்ல (லாந்தனாய்டு, ஆக்டினாய்டு) கொஞ்சம் விடலாம். பதினாலு லாந்தனாய்டுக்கும் எலக்ட்ரான் அமைப்ப உருப்போட வேண்டாம், சீரியம் பிளஸ் 4, யூரோப்பியம் பிளஸ் 2, இட்டெர்பியம் பிளஸ் 2, கடோலினியம் 4எஃப்7 5டி1 6எஸ்2, இவங்க நாலு பேரும் ஏன் அப்படின்னு தெரிஞ்சா போதும். இங்கயும் எஃப்0, எஃப்7, எஃப்14 தான் போற இடம், அதே கேள்விதான். லாந்தனாய்டு குறுக்கம், அதோட விளைவு, லாந்தனாய்டு ஆக்டினாய்டு வேறுபாடு, இது மூணும் மட்டும் நல்லா பாரு.

எழுதுற விதம் பத்தி ஒண்ணு. பேப்பர் திருத்துறப்போ நான் அடிக்கடி பாக்குறது, “அரை நிரம்பியதால் நிலைப்புத்தன்மை அதிகம்”னு ஒரே வரி. எது அரை நிரம்பியிருக்கு, எந்த அயனி, ஒண்ணும் இருக்காது. மார்க் குடுக்க மனசு இருக்கும், குடுக்க இடம் இருக்காது. முதல் வரியில எலக்ட்ரான் அமைப்ப எழுது, கட்டம் வரைஞ்சா இன்னும் நல்லது, ரெண்டாவது வரியில எங்க போகுதுன்னு எழுது, மூணாவது வரியில காரணம். தெரியாத கேள்வியா இருந்தாலும் முதல் வரிய எழுதிட்டா பேனா நிக்காது, அடுத்த வரி அதுலிருந்து வரும், அரையாண்டுல உனக்கு நடந்தது திரும்ப நடக்காது.

முதல் ரெண்டு வாரம் காலைத் தாளும் தினம் ரெண்டு ஏன் கேள்வியும் எழுதிப் பாரு, படிக்காத, எழுது. மூணாவது வாரம் தயாரிப்பும் சமன்பாடும். அதுக்கப்புறம் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்ல இந்தப் பாடத்துக் கேள்விய மட்டும் பொறுக்கி நேரம் வெச்சு எழுது. அண்ணன் வீட்டுல இருந்தா அவர உக்கார வெச்சு தாமிரம் பிளஸ் 1 கதைய சொல்லிப் பாரு, அவருக்குப் புரிஞ்சா உனக்கு நிச்சயம் புரிஞ்சிருக்கு. ராத்திரி முழிச்சு உக்காராதம்மா, காலையில அந்தத் தாள் எழுத தலை தெளிவா வேணும்.

கலர் மனப்பாடம் பண்ணனுமான்னு கேட்ட. நிறமற்றது எதுன்னு கட்டமே சொல்லிரும், அத பண்ண வேண்டாம். மிச்சத்துல தாமிரம் 2 நீலம், நிக்கல் 2 பச்சை, கோபால்ட் 2 இளஞ்சிவப்பு, இரும்பு 2 இளம்பச்சை, இரும்பு 3 மஞ்சள், குரோமியம் 3 பச்சை, மாங்கனீசு 2 ரொம்ப வெளிறின ரோஸ், டைட்டானியம் 3 ஊதா. எட்டுதான். லேப்ல உப்பு பாட்டில்லாம் அலமாரியில இருக்கும், ப்ராக்டிகல் வகுப்பு அன்னைக்கு சார்கிட்ட கேட்டு அஞ்சு நிமிஷம் அது முன்னாடி நின்னு பாரு.